சூலத்தில் தொங்கிய சாவிகள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கியிருக்கிறேன். எழுத உட்கார்ந்து, பாதிப் பக்கத்தில் பேனாவை மூடிவிட்டு எழுந்ததும் உண்டு. சாமி விஷயம். உள்ளதை உள்ளபடி எழுதினால் கும்பிட வந்தவர்கள் மனசு நோகும். கூட்டி எழுதினால் சாமி மனசு நோகும். ஆனால் அண்மையில் கிள்ளானில் ஒரு கல்யாணத்தில் பக்கத்து இலைக்காரர் என்னிடம் ஒரு கதை சொன்னார். கேமரன் மலையில் ஒரு முனியாண்டி இருக்கிறாராம். ஒரு ஏழை பக்தனின் வீட்டை மூன்றே நாளில் இரண்டு மடங்கு விலைக்கு விற்றுக் கொடுத்தாராம். அந்த வீடு என் வீடு. அந்த பக்தன் நான். ரசம் ஊற்றச் சொல்லிவிட்டு முழுவதையும் கேட்டேன். இனிமேலும் சும்மா இருக்கக் கூடாது என்று அந்த இலையிலேயே முடிவு செய்தேன்.

நான் தேயிலைத் தோட்டத்து பேக்டரியில் இலை காய வைக்கும் பகுதியில் வேலை பார்த்தவன். படிப்பு தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியோடு சரி. வேலையை விட்டு நின்றால் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதால், மலையிலேயே தானா ராத்தா ஊரில் வரிசை வீடுகளில் கடைசி வீட்டை வாங்கினோம். குடி போகும்போது தோட்டத்து முனியாண்டி கோயிலில் பிடிமண் எடுத்துக்கொண்டேன். பழைய கோயில் மண்ணில் ஒரு பிடி எடுத்துப் போனால் சாமியும் கூடவே வரும் என்பது நம் வழக்கம். வாசல் வேலியோரம் அந்த மண்ணைப் போட்டு, மேலே ஒரு கல், பக்கத்தில் ஒரு சூலம், மழைக்கு ஒரு தகரக் கூரை. வெள்ளிக்கிழமை விளக்கும் ஒரு சுருட்டும். அவ்வளவுதான் எங்கள் கோயில்.

வீட்டை விற்க வேண்டி வந்தது என் மனைவியின் மூச்சால். அவளுக்கு இழுப்பு. வயது ஏற ஏற மலைக்குளிர் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மூச்சுக்கு அடிக்கும் பம்ப்பை முந்தானையில் முடிந்துகொண்டே நடமாடினாள். "இந்தப் பனியில இனிமே ஆகாது. கீழ இறக்கிக் கூட்டிட்டுப் போயிருங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஈப்போவில் மகள் வீடு இருந்தது. ஆனால் அது சின்ன வீடு. பக்கத்திலேயே எங்களுக்கென்று ஒன்று வாங்க, இதை விற்றால்தான் முடியும். என் கவலையெல்லாம் அது ஒன்றுதான். அடுத்த மழைக்காலத்துக்குள் அவளைக் கீழே இறக்க வேண்டும்.

ஒரு ஏஜென்ட் வந்தார். சீனர். அவருடைய அப்பா தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்ததால் தமிழ் நம்மைப் போலவே பேசுவார். வாசலில் விற்பனைப் பலகை நட்டார். ஒரு தீபாவளிக்கு முன்னால் நட்டது.

முதலில் அவர் சொன்ன விலையைக் கேட்டு எனக்குக் கண் கலங்கியது. அடுத்த வாரம் அதே வாயால் வேறு விலை சொன்னார்.

"என்னப்பா, போன வாரம் அவ்வளவு சொன்ன?"

"மார்க்கெட் நம்ம ஊரு பனி மாதிரிலா அங்கிள். காலையில இருக்கும். பத்து மணிக்குத் தேடுனா இருக்காது."

பார்க்க வந்தவர்களும் பனி மாதிரிதான். ஒரு தம்பதி, வருஷம் முழுக்கப் பனி இருக்குமா என்று ஆசையாகக் கேட்டார்கள். இருக்கும் என்றேன். மகிழ்ந்து போனார்கள், திரும்பி வரவில்லை. அடுத்து வந்தவர் அதையே பயத்தோடு கேட்டார். நான் ஏஜென்ட் முகத்தைப் பார்த்தேன். அவர் கண்ணாலேயே இல்லை என்று சொல்லச் சொன்னார். ஜன்னலுக்கு வெளியே அந்த நேரம் எதிர்வீடே தெரியவில்லை. இன்னொரு நாள் ஒரு குடும்பம் வேனோடு வந்து இறங்கியது. எல்லா அறையும் பார்த்தார்கள், பாத்ரூம் போனார்கள், என் மனைவி சுட்ட தோசையை ரசித்துச் சாப்பிட்டார்கள். கடைசியில் சாயங்காலம் எத்தனை மணிக்கு ரூம் கிடைக்கும் என்று கேட்டார்கள். ஹோம்ஸ்டே என்று நினைத்து வந்தவர்கள். தோசைக்குக் காசு வேண்டாம் என்று அனுப்பி வைத்தோம்.

ஏஜென்ட் ஒரு நாள் தயங்கித் தயங்கி என் மனைவியிடம் சொன்னார்:

"ஆன்ட்டி, ஆள் வர்றப்ப மட்டும் இருமாதீங்க. வீடு ஈரம்னு நெனச்சுக்குவாங்க."

"இருமல் நின்னுட்டா நான் எதுக்குப்பா வீட்ட விக்கிறேன்?" என்றாள் அவள்.

அதற்குப் பிறகு அவர் கவனம் முனியாண்டி மேல் திரும்பியது. வாசலில் சாமி இருந்தால் வாங்குகிறவர்கள் யோசிக்கிறார்கள், கொஞ்சம் வேறு இடத்துக்கு மாற்ற முடியுமா என்றார். கேட்காமல் சாமியைக் கிளப்ப முடியுமா? பூ கட்டிப் பார்ப்போம் என்றேன். சிவப்புச் சாமந்தி ஒன்று, வெள்ளைச் சாமந்தி ஒன்று, இரண்டையும் தனித்தனியே பேப்பரில் மடித்துக் கல்லின் முன்னால் வைத்தேன். சிவப்பு வந்தால் ஐயா எங்களோடு கிளம்பச் சம்மதம். வெள்ளை வந்தால் இருந்த இடம்தான். எங்கள் கை எடுத்தால் ஆசை கலந்துவிடும் என்பதால், விஷயம் தெரியாத ஏஜென்டையே எடுக்கச் சொன்னேன். செருப்பைக் கழற்றிவிட்டு பக்தியோடு எடுத்தார்.

வெள்ளை.

அர்த்தத்தைச் சொன்னதும் அவர் முகம் விழுந்துவிட்டது. "அங்கிள், நான் தெரியாம எடுத்துட்டேன்லா. இன்னொரு தடவ எடுக்கட்டுமா?"

"சாமிகிட்ட பேரம் பேசக் கூடாதுப்பா" என்றேன்.

என் மனைவி சமையலறையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "போக மாட்டேன்னா சரி. அப்ப வீட்ட அவரையே வித்துத் தரச் சொல்லுங்க" என்றாள். அவள் கேலியாகச் சொன்னாளோ என்னவோ, எனக்கு அது சரியாகப் பட்டது. வீட்டுச் சாவியில் ஒன்றை எடுத்து மஞ்சள் கயிற்றில் கட்டிச் சூலத்தில் மாட்டினேன். ஐயா, இது இனி உங்கள் பொறுப்பு என்று கும்பிட்டேன்.

எதிர்வீட்டு அக்கா இதைப் பார்த்துவிட்டார். கியா பார்ம் சந்தையில் காய்கறியும் ஸ்ட்ராபெர்ரியும் விற்கிறவர். பக்கத்து ஊர் பிரிஞ்சாங்கில் அவருக்கு ஒரு அப்பார்ட்மென்ட் வெகுநாளாக விற்காமல் கிடந்தது. "அண்ணே, நானும் மாட்டிக்கவா?" என்று கேட்டார். எனக்கென்ன, மாட்டுங்கள் என்றேன். அந்த வாரமே அது விற்றுவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது? அக்கா காய் விற்கிறவர். ஒரு கிலோ கோஸ் வாங்குகிறவரிடமும் இதைச் சொன்னார். வெள்ளிக்கிழமை பத்து பேர் வந்தார்கள். பிறகு வாசலில் வரிசை. சாவிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிச் சூலம் சாய்ந்தது. சீனர்கள் ஆரஞ்சும் கறுப்புக் காப்பியும் கொண்டுவந்து வைத்தார்கள். ஏஜென்ட் இருக்கிறாரே, சாமியை மாற்றச் சொன்ன அதே மனிதர், தன்னிடம் விற்காமல் கிடந்த மற்ற வீடுகளின் சாவியையெல்லாம் ஒரு வளையத்தில் கோத்து எடுத்து வந்தார்.

"என்னப்பா, நீயுமா?"

"பத்து வீட்டுக்கு ஒரு எலுமிச்சம் பழம் போதும்லா அங்கிள்?"

வீடு விற்றவர்களுக்குச் சாவி வேண்டுமல்லவா? திரும்பி வந்து தேடுவார்கள். எது யாருடையது என்று தெரியாது. சில நேரம் வாங்கினவர்களே வந்து எங்கள் கதவைத் தட்டி, எங்க வீட்டுச் சாவி உங்களிடம் இருக்கிறதாமே என்பார்கள். என் மனைவி சாவிகளை அரிசி புடைக்கும் முறத்தில் கொட்டிப் பொறுக்கிக் கொடுப்பாள்.

எங்கள் வீடு மட்டும் விற்கவில்லை. எப்படி விற்கும்? பார்க்க வந்தவர்கள் வாசல் கூட்டத்தைப் பார்த்துவிட்டுக் காரை விட்டு இறங்காமலே போனார்கள். ஒருவர் இறங்கினார். நாங்கள் தேத்தண்ணி போட்டு வைத்துக் காத்திருந்தோம். வெகுநேரம் வரவில்லையே என்று எட்டிப் பார்த்தால், அவர் தன் பழைய வீட்டுச் சாவியோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தார். இதற்குள் விற்பனைப் பலகைக்கும் யாரோ மஞ்சள் பூசிப் பொட்டு வைத்து மாலை போட்டுவிட்டார்கள்.

"என் போன் நம்பர் மேலயே பொட்டு வச்சுட்டாங்க அங்கிள். தொடச்சா சாமி குத்தமா?" என்றார் ஏஜென்ட். எனக்கும் தெரியவில்லை. அப்படியே விட்டுவிட்டோம்.

"ஏங்க, எனக்கு ஒண்ணு தோணுது" என்றாள் என் மனைவி ஒரு நாள். "எல்லாரையும் அனுப்பி வச்சுட்டு நம்மள மட்டும் புடிச்சு வச்சிருக்காரு. நம்ம போயிட்டா வெளக்கு யாரு ஏத்துவா? அதான் விக்க மாட்டேங்கிறாரு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு இடத்தில் மூச்சு வாங்கினாள். கற்பூரப் புகையும் ஊதுபத்திப் புகையும் ஜன்னலைச் சாத்தினாலும் உள்ளே வந்தன. குளிருக்குப் பயந்து கீழே போக வழி தேடினோம். இப்போது குளிரோடு புகையும் சேர்ந்துகொண்டது.

இரண்டாவது தீபாவளியும் போய்விட்டது. மழை பிடித்துக்கொண்டது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் பின்னால் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். கற்பூரத்தைக் கொஞ்சம் குறைத்துக் கொளுத்துங்கள் என்று சொல்வதற்காக என் மனைவி வாசலுக்குப் போயிருக்கிறாள். புகைக்கு நடுவே நின்றதும் இழுப்பு வந்துவிட்டது. எப்போதும் முந்தானையில் இருக்கும் பம்ப் அன்றைக்குச் சமையலறை மேசையில். தோள் இரண்டும் ஏறி இறங்க, கண் மேலே போக, அவள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கையை வீட்டுப் பக்கம் ஆட்டினாள்.

நம் ஆட்கள் அதைப் பார்த்தார்கள். சாமி வந்துவிட்டது என்று முடிவு கட்டினார்கள்.

நான் ஓடி வந்தபோது அவள் காலடியில் நாலு பேர் விழுந்து கிடந்தார்கள். ஒருவர் வேப்பிலையால் விசிறினார். எதிர்வீட்டு அக்கா, "கேளுங்க கேளுங்க, நல்லா எறங்கியிருக்கு" என்று வரிசையை ஒழுங்கு செய்தார். "தாயி, என் வீடு எப்ப விக்கும்?" என்று ஒருவர் கேட்டார். என் மனைவி என்னைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினாள். இரண்டு தடவை பம்ப் அடிக்க வேண்டும் என்பதற்கு எங்களுக்குள் அதுதான் சைகை.

"ரெண்டு மாசம்னு வாக்கு வந்துருச்சு" என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

நான் உள்ளே ஓடிப் பம்ப்பை எடுத்து வந்தால், "சாமி மேல கை வைக்காதீங்கண்ணே, மலையேறட்டும்" என்று என்னையே பிடித்து நிறுத்தினார்கள். அவள் உதடு நீலம் பாரித்திருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் முனியாண்டி என்ற பேர்கூட என் வாயில் வரவில்லை.

அப்போது ரப்பர் பூட்ஸ் போட்ட ஒருவர் பின்னாலிருந்து நெட்டித் தள்ளிக்கொண்டு வந்தார். "வழி விடுங்கய்யா. சாமியும் இல்ல ஒண்ணும் இல்ல. அவங்களுக்கு மூச்சு முட்டுது, தெரியல?" என்று சொல்லி நாற்காலியோடு அவளைத் தூக்கிக்கொண்டு போய் வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். நான் பம்ப்பை அடித்தேன். கொஞ்சம் கொஞ்சமாக அவள் தோள் இறங்கியது.

அவர் கீழே பள்ளத்தாக்கில், லெம்பா பெர்த்தாமில் காய்கறி போடுகிறவர், நம் ஆள்தான். அவருடைய அம்மாவுக்கும் இழுப்பு இருந்ததாம். தேத்தண்ணி கொடுத்தேன்.

"நீங்களும் சாவி மாட்ட வந்தீங்களா?" என்று கேட்டேன்.

"விக்க ஏதுண்ணே எனக்கு? மேட்டுல ஒரு வீடு கெடைக்கணும்னு வேண்டிக்க வந்தேன்."

என் மனைவிக்கு இன்னும் பேச்சு வரவில்லை. விரலால் தரையைக் காட்டினாள். இந்த வீடு.

"இது விக்கிறதா? பலகையே காணோமே."

"மாலைக்குப் பின்னால இருக்கு" என்றேன். உள்ளதையும் சொல்லிவிட்டேன். "வாசல்ல சாமி இருக்காரு. பூ கட்டிப் பாத்தோம். நகர மாட்டேன்னுட்டாரு."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "அணைத் தண்ணியோட சேறு வந்த வருஷம் என் கண்ணு முன்னாடி கொட்டாய், உர மூட்டை, மோட்டார் எல்லாம் நகந்து போச்சுண்ணே. நகராத சாமின்னா எனக்கு அதுதான் வேணும். வெள்ளிக்கிழமை வெளக்கு நான் ஏத்துறேன்."

என் மனைவி என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் "நான் சொன்னேன் பாத்தீங்களா" என்று இருந்தது.

வீடு அவருக்குத்தான் போனது. பேப்பர் வேலையெல்லாம் முடிந்தபோது பொங்கலும் தாண்டியிருந்தது. விலை நாங்கள் கேட்டதைவிடக் குறைவு. ஏஜென்ட் முதலில் சொன்ன பனி விலைக்குப் பக்கத்தில்கூட இல்லை. ஈப்போவில் நினைத்ததைவிடச் சின்ன வீடுதான் கிடைத்தது. அவளுக்கு அது போதும்.

கிளம்பும் நாளில் பிடிமண் எடுக்கக் குனிந்தேன். "பாத்துண்ணே, ரொம்ப எடுத்துராதீங்க" என்றார் புது வீட்டுக்காரர். ஒரு பிடி எடுத்து பிஸ்கட் டின்னில் போட்டுக்கொண்டேன். சூலம் சாவிகளோடு அங்கேயே நிற்கிறது.

"மண்ணு மட்டும் வரட்டும்" என்றாள் என் மனைவி. "புதுச் சூலம் ஒண்ணும் வாங்கக் கூடாது. எதையும் மாட்ட வழி இருக்கக் கூடாது."

இப்போது ஈப்போவில் ஐயா ஒரு பூந்தொட்டியில் இருக்கிறார். அவள் இரண்டு தெரு நடந்து மார்க்கெட் போய் வருகிறாள். மூச்சு வாங்குதா என்று கேட்டால், "வேர்க்குது" என்று அலுத்துக்கொள்கிறாள். அந்த அலுப்பைக் கேட்கும்போதெல்லாம் தொட்டிப் பக்கம் ஒரு கும்பிடு போடுகிறேன். ஐயா எங்களுக்கு என்ன செய்தார் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

இதைப் படித்தவர்கள் மற்றவர்களிடமும் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சொல்லும்போது இருக்கிறபடியே சொல்லுங்கள். மூன்று நாள் என்று சொல்லாதீர்கள், ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. இரண்டு மடங்கு விலை என்று சொல்லாதீர்கள். என் மனைவிக்கு அருள் வந்தது என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அவளுக்கு வந்தது இழுப்பு. அது தெரியாமல் வேப்பிலை வீசினால் ஒரு உயிர் போய்விடும். ரப்பர் பூட்ஸ் போட்டவரை மட்டும் விட்டுவிடாமல் சொல்லுங்கள்.