எல்லம்மா கேட்ட நோய்

தன் உடம்பில் ஏதாவது ஒரு நோய் இருப்பதாகக் காகிதத்தில் எழுதி வர வேண்டும். தொண்ணூற்றேழாம் வருஷம் எல்லம்மாவின் வேண்டுதல் இதுதான். மற்றவர்கள் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு ஒன்றும் இருக்கக் கூடாதென்று சாமி கும்பிடுவார்கள். இவளுக்கு ஒன்றுமில்லை என்று வந்தால் பங்காருபேட்டையில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் பெட்டி கட்ட வேண்டும். நாலு வயது மகா இங்கேயே இருப்பாள். மாமியார் சந்திரம்மா அப்படித்தான் சொல்லியிருந்தாள்.

"சீக்குன்னா பாத்துக்கறோம். சோம்பேறித்தனம்னா அவங்க வூட்லயே போயி தூங்கட்டும்."

ஜோகுபாளையத்தில் அவர்கள் இருந்தது ஒற்றை அறை வீடு. சமையலுக்கு ஒரு தடுப்பு, பின்னால் துவைகல். கணவன் பச்சைமுத்து கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிப்பவன். எல்லம்மா கல்யாணத்துக்கு முன் ஊதுபத்தி உருட்டியவள். கையில் அவ்வளவு வேகம். இப்போது ஒரு குடம் தண்ணீர் கொண்டுவர நடுவில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தாள். முகம் காலையில் உப்பியிருக்கும். தோல் மாவு பூசியதுபோல் வெளுத்து வறண்டிருந்தது. குரல் தடித்துவிட்டது. வெயில் காலத்திலும் ஸ்வெட்டரைக் கழற்ற மாட்டாள்.

"ஏன் எல்லு, ஏப்ரல்ல ஸ்வெட்டரா?" என்று குழாயடியில் பக்கத்து வீட்டு ருக்மிணி கேட்பாள்.

"குளிருதுக்கா."

"எங்களுக்கெல்லாம் வேர்க்குது. உனுக்கு மட்டும் ஊட்டிலேந்து குளிரு வருதா?"

குழாயடி சிரிக்கும். எல்லம்மாவும் சிரித்துவைப்பாள். பதில் சொல்லவும் தெம்பு வேண்டுமே.

எல்லாம் மகா பிறந்த நாளில் தொடங்கியது. குழந்தை வந்த பிறகு ரத்தம் நிற்கவில்லை. மெத்தை நனைந்து கட்டிலுக்குக் கீழே சொட்டியது. வேறு ஒருவருடைய ரத்தத்தை ஏற்றி எப்படியோ பிழைக்கவைத்து அனுப்பினார்கள். ஆனால் மார்பில் பால் சுரக்கவே இல்லை. சந்திரம்மா பூண்டை வதக்கிக் கொடுத்தாள், பால் சுறா வாங்கிப் புட்டு செய்து ஊட்டினாள். ஒரு சொட்டு வரவில்லை. மகா புட்டிப் பாலில், சந்திரம்மாவின் மடியில் வளர்ந்தாள்.

"பெத்தது நீ, வளத்தது நானு" என்று சந்திரம்மா சொல்லும்போது அதில் பொய் ஒன்றும் இல்லை.

அதன் பிறகு எல்லம்மாவுக்கு மாதவிலக்கும் வரவில்லை. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்தது ஆண்பிள்ளை என்று மாமியார் எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் அம்மன் படம் உண்டு. விலக்கான பெண் மூன்று நாள் பின்கதவோரம் தனிப் பாய், தனித் தட்டு வைத்துக்கொண்டு ஒதுங்கி இருக்க வேண்டும். அக்கம்பக்கத்தில் பலரும் இதை விட்டுவிட்டார்கள். சந்திரம்மா விடவில்லை. குழந்தைக்கு ஒரு வயதானபோது ஒருநாள் கேட்டாள்.

"நீ இன்னும் ஒக்காரலயாடி?"

"நாளிக்கி அத்த" என்று எல்லம்மாவின் வாயிலிருந்து வந்துவிட்டது. மறுநாள் போய்ப் பின்கதவோரம் உட்கார்ந்தாள்.

மாதாமாதம் அதுவே வழக்கமானது. பழைய துணியைச் சும்மா நனைத்துப் பிழிந்து, கொடியில் புடவைக்கு அடியில் காயப்போடுவாள். நான்காம் நாள் தலைக்குக் குளிப்பாள். பிள்ளை பெற முடியாதவள் என்ற பேச்சு எழவில்லை. அதைவிடப் பெரிய லாபம் அந்த மூன்று நாள் தூக்கம். அடுப்பைத் தொடக் கூடாது, தண்ணீர்க் குடத்தைத் தொடக் கூடாது. யாரும் எழுப்ப மாட்டார்கள். சில மாதங்களில் கணக்குத் தப்பி இருபது நாளிலேயே போய் உட்கார்ந்தாள். சந்திரம்மா முணுமுணுத்தாள், ஆனால் சந்தேகப்படவில்லை. சாமி விஷயத்தில் யாராவது பொய் சொல்வார்கள் என்பது அவள் புத்திக்கு எட்டாத ஒன்று.

பெட்டி கட்டும் பேச்சு வந்ததும் பச்சைமுத்து அவளைத் தெருமுனை டாக்டர் கிருஷ்ணப்பாவிடம் கூட்டிப்போனான். அவர் உப்பிய முகத்தைப் பார்த்து, முழங்காலில் தட்டிப் பார்த்து, தைராய்டாக இருக்கலாம் என்று பரிசோதனைக்கு எழுதினார். எல்லம்மா அவரை நேரில் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அதற்குப் பிறகு காகிதம் மட்டுமே போனது. அவளால் கூட்டத்தில் நிற்க முடியாது. அவனுக்கு அது எப்படியும் வேலைக்குப் போகிற வழி. ரிப்போர்ட் காட்டுவதற்கு ஆள் எதற்கு என்று எல்லோரும் நினைப்பதுபோல அவனும் நினைத்தான்.

"டிஎஸ்எச் நார்மல் இதெயப்பா" என்றார் கிருஷ்ணப்பா, கன்னடம் கலந்து. "தைராய்டு கெட்டா இது ஏறும். ஏறல. அதனால தைராய்டு இல்ல."

"டி ஃபோர்னு ஒண்ணு கீழ கோடு போட்டிருக்கே சார்?"

"அது கம்மி காட்டுது. அது கம்மின்னா இது ஜாஸ்தி ஆகியிருக்கணும். லேப் தப்பு. வேற இடத்துல எடு."

வேறு இடத்தில் எடுத்தார்கள். அங்கேயும் டி ஃபோர் பாதிக்கும் கீழே. டிஎஸ்எச் அங்கேயும் நார்மல்.

அன்று சாயங்காலம் எல்லம்மா காகிதத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். இங்கிலீஷ் எழுத்து அவளுக்குத் தெரியாது.

"எது கம்மி?"

பெயின்ட் காய்ந்த கட்டைவிரலை அவன் ஒரு வரியில் வைத்தான்.

"கம்மின்னா சீக்குதானே?"

"சீக்கு இல்லயாம். தப்பாம்."

"ரெண்டு எடத்துலயும் ஒரே மாதிரியாவா தப்பு பண்ணுவாங்க?"

தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து சந்திரம்மா சொன்னாள்: "ரெண்டு எடத்துலயும் நார்மலுன்னு வந்திருக்கு. அத படி மொதல்ல."

பச்சைமுத்து அப்போது இந்திராநகரில் ஒரு டாக்டர் வீட்டுக்கு வெளிப்பூச்சு பூசிக்கொண்டிருந்தான். எலும்பு டாக்டர். நல்ல மனுஷர், வேலையாட்களுக்கு டீ கொடுக்கச் சொல்வார். ஒரு காலை அவர் காரில் ஏறப்போகும்போது இவன் ஏணியிலிருந்து இறங்கி, மடித்து வைத்திருந்த இரண்டு காகிதத்தையும் நீட்டினான். அவர் நின்றபடியே பார்த்தார்.

"டி ஃபோர் நிஜமாவே கம்மியா இருக்கேப்பா. உன் சம்சாரத்துக்குப் பீரியட்ஸ் ஒழுங்கா வருதா?"

டாக்டரின் மனைவி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். பச்சைமுத்துவுக்குக் காது சுட்டது. போன வாரம்தான் எல்லம்மா பின்கதவோரம் உட்கார்ந்திருந்தாள்.

"கரெக்டா வருது சார். மாசாமாசம்."

"அப்ப பயமில்ல. தைராய்டு மாத்திரை ஆரம்பிக்கலாம்." காகிதத்தின் பின்பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த மாத்திரைச் சீட்டு வீட்டுக்கு வந்த அன்று எல்லம்மா பல மாதங்களுக்குப் பிறகு தலையை வாரிப் பின்னிக்கொண்டாள். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள் என்றால் சீக்கு என்று அர்த்தம். சந்திரம்மா ஒரு வாரம் பெட்டிப் பேச்சை எடுக்கவில்லை.

இரண்டாம் வாரம் வாந்தி தொடங்கியது. எழுந்தால் தலை சுற்றியது, கண் இருண்டது. பச்சைமுத்து எலும்பு டாக்டரிடம் சொன்னதற்கு, ஆரம்பத்தில் அப்படி இருக்கும், விடாமல் சாப்பிடட்டும் என்றாராம். எல்லம்மா விடவில்லை. மாத்திரையை வாந்தி எடுத்தால் வாயைக் கொப்பளித்துவிட்டு இன்னொன்று போட்டுக்கொண்டாள். அவளிடம் இருந்த அத்தாட்சி அது ஒன்றுதான்.

ருக்மிணி சும்மா இருப்பாளா? "என்னா சந்திரம்மாக்கா, மருமவ காலையில வாந்தி எடுக்கறா. விசேஷமா?"

சந்திரம்மாவின் முகம் மாறிய விதத்தை எல்லம்மா பார்த்தாள். அன்று மாலை சந்திரம்மா அல்சூர் மார்க்கெட்டுக்குப் போய் மாதுளம்பழம் வாங்கிவந்தாள். உரித்து, முத்துகளைக் கிண்ணத்தில் போட்டு, "மெதுவா சாப்புடும்மா" என்று கையில் கொடுத்தாள். அந்த வீட்டில் அவளுக்கு 'ம்மா' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. இல்லை அத்த, அப்படி இருக்க முடியாது என்று சொல்ல எல்லம்மா வாயெடுத்தாள். ஏன் முடியாது என்று கேட்டால்? மாதுளம்பழத்தைச் சாப்பிட்டாள்.

மறுநாள் துவைகல்லடியில் விழுந்தாள். உடம்பு ஜில்லென்று இருந்தது, கூப்பிட்டால் கண்ணைத் திறக்கவில்லை. ஆட்டோவில் போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

நாடித் துடிப்பு கைக்கு எட்டவில்லை. ரத்தத்தில் சர்க்கரை அடிமட்டத்துக்குப் போயிருந்தது. நரம்பு தேடி ஊசி ஏற்றி, குளுக்கோஸ் பாட்டிலைத் தொங்கவிட்ட பிறகு, அங்கிருந்த டாக்டரம்மா சந்திரம்மாவிடம் கேட்டாள்.

"என்ன மாத்திரை சாப்பிடறாங்க?"

"தைராய்டுக்கு. ஆனா இப்ப மாசமா இருக்கா, அதான் மயக்கம்."

டாக்டரம்மா எல்லம்மாவின் கையைத் தூக்கி அக்குளைப் பார்த்தாள். ஒரு முடி இல்லை. வயிற்றை அழுத்திப் பார்த்தாள். "மொதல் பிரசவத்துல ரத்தம் ரொம்பப் போச்சா?"

"போச்சு. பொழச்சதே பெருசு."

"பால் கொடுத்தாங்களா?"

"ஒரு சொட்டு வரல. நான்தான் வளத்தேன்."

"பீரியட்ஸ்?"

"அதெல்லாம் கரெக்டா ஒக்காருவா."

எல்லம்மாவுக்கு அப்போது நினைவு திரும்பிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா குனிந்து அவள் முகத்தருகே வந்தாள். "நீ சொல்லும்மா. நிஜமா வருதா?"

வருது என்றால் மாத்திரையும் போய் மறுபடி ஒன்றுமில்லாதவள். வரவில்லை என்றால் நோய் கிடைக்கும். ஆனால் கட்டிலின் கால்மாட்டில் சந்திரம்மா காபி டம்ளரோடு நின்றாள்.

"மகா பொறந்ததுலேந்து வரலம்மா."

சந்திரம்மா டம்ளரை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு வெளியே போனாள்.

மறுநாள் டாக்டரம்மா பச்சைமுத்துவையும் அவளையும் உட்காரவைத்து விளக்கினாள். மூளைக்கு அடியில் ஒரு சின்னச் சுரப்பி. பால் சுரக்க, மாதவிலக்கு வர, தைராய்டு வேலை செய்ய எல்லாவற்றுக்கும் அங்கிருந்துதான் உத்தரவு போக வேண்டும். பிரசவத்தில் ரத்தம் கொட்டியபோது அது பட்டுப்போனது. டிஎஸ்எச் என்பது அந்த உத்தரவு. உத்தரவு போடும் இடமே பட்டுப்போனால் அது எப்படி ஏறும்? அதனால்தான் பார்க்க நார்மலாக இருந்தது. நோய், அதிர்ச்சி என்று உடம்புக்கு விழும் அடியைத் தாங்க இன்னொரு சுரப்பி வேண்டும், உத்தரவு வராமல் அதுவும் நின்றுபோயிருந்தது. அதற்கு மருந்து கொடுக்காமல் தைராய்டை மட்டும் முடுக்கியதால் ஆள் விழுந்தாள்.

"அப்ப ரிப்போர்ட்டு தப்பில்லையா?" என்றான் பச்சைமுத்து.

"தப்பில்ல. கூடவே ஆளையும் பார்த்திருக்கணும்."

சந்திரம்மா கதவருகில் நின்றபடி ஒன்றே ஒன்று கேட்டாள். "இன்னொரு கொழந்த?"

"தானா ஆகாதும்மா. இவங்களுக்கு ரெண்டு மாத்திரை ஆயுசு முழுக்க. ஒருநாள் கூட விடக் கூடாது. காய்ச்சல் வந்தா ஒண்ணை ரெட்டிப்பா கொடுக்கணும், இல்லன்னா மறுபடி இதே மாதிரி விழுவாங்க. அடுத்த தடவ எழுந்திருக்க மாட்டாங்க."

வீட்டுக்கு வந்த ஒரு மாதத்தில் எல்லம்மாவுக்குத் தெம்பு திரும்பியது. முகத்து உப்பல் வடிந்தது. ஸ்வெட்டரைத் துவைத்து மடித்து வைத்தாள். விடியும் முன் எழுந்து தண்ணீர் பிடித்தாள், எல்லாருக்கும் முன்னால் சமைத்து முடித்தாள். இவ்வளவு நாளும் இப்படி இருந்திருக்கலாம் என்று நினைக்கும்போது அழுகை வரும், வேலையைப் பார்ப்பாள். இனி யாரும் தன்னைச் சோம்பேறி என்று சொல்ல முடியாது என்று நம்பினாள்.

சொல்லவில்லைதான்.

"சோம்பேறின்னா ரெண்டு சத்தம் போட்டா வேல செய்வா" என்று சந்திரம்மா மகனிடம் சொன்னது தடுப்புக்கு இந்தப் பக்கம் தெளிவாகக் கேட்டது. "இது ஆயுசுக்கும் சீக்குடா. பொட்டப்புள்ளயோட நிக்கப்போவுது வம்சம். அதுவும் போவட்டும். சாமி படத்துக்கு எதிர்ல மூணு வருசம் நாடகம் ஆடியிருக்கா. அவ கையால தண்ணி குடிக்க மனசு வரல எனக்கு."

"டாக்டர் சொன்னாங்களேம்மா, அவ தப்பு இல்லன்னு."

"பால் வராதது அவ தப்பு இல்ல. துணிய நனைச்சுக் காயப்போட்டது யார் தப்பு?"

பச்சைமுத்து பின்பக்கம் வந்து, அவள் பாத்திரம் தேய்ப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"கொஞ்ச நாள் ஊருக்குப் போயிட்டு வா."

"கொஞ்ச நாள்னா?"

அவன் பிரஷ்களைக் கெரசினில் ஊறப்போட வேண்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி நாகேஷ் வந்தான். மாத்திரையைப் பற்றி அவள் அவனிடம் இரண்டு தடவை சொன்னாள்: ஒருநாளும் விடக் கூடாது, காய்ச்சல் வந்தால் ரெட்டிப்பு, நான் மயக்கமாகக் கிடந்தாலும் நீங்கள் கொடுக்க வேண்டும். அவன் "சரிக்கா, சரிக்கா" என்றான். ரயில் நேரத்தைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தான். பங்காருபேட்டையில் அந்த மாத்திரை கிடைக்குமா என்று அவனுக்கும் தெரியவில்லை.

மகா சந்திரம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எல்லம்மா போய் அவளைத் தூக்கினாள். நடக்கத் தொடங்கியதிலிருந்து அந்தக் குழந்தையை அவள் தூக்கியதே இல்லை, கைகளில் வலு இருந்ததில்லை. இன்று சிரமமே இல்லாமல் இடுப்பில் ஏறியது. மகா விறைத்துக்கொண்டாள். இந்த இடுப்பில் எப்படி உட்கார வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. வாயில் உப்புமாவோடு சந்திரம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஒக்காந்து சாப்புடட்டும் வுடு" என்றாள் சந்திரம்மா.

வாசலில் நாகேஷ், ஆட்டோ நிற்கிறது என்று குரல் கொடுத்தான். எல்லம்மா குழந்தையை இறக்கிவிட்டாள்.