முழங்கால் ஆழக் கடல்

இந்த ஊரில் வெயிலில் படுப்பதற்கென்றே குடும்பம் குடும்பமாகப் புறப்பட்டு வருகிறார்கள். சொன்னால் நம் பக்கத்தில் யாரும் நம்பமாட்டார்கள். சித்திரை மாதத்தில் சேந்தமங்கலம் சாலையில் நடக்கிறவர்கள் ஒரு புளியமரத்தடி கண்ணில் பட்டால் போதுமென்று ஓடுவார்கள். இங்கேயோ மணலில் துணி விரித்து, கைக்குழந்தையின் சட்டையைக்கூடக் கழற்றிவிட்டு வெயிலில் கிடத்துகிறார்கள். மேகம் மறைத்தால் முகம் சுருங்கிப் போகிறது. டென்மார்க் தேசத்தைச் சேர்ந்த போர்ன்ஹோம் தீவில் ஒரு சின்னப் பட்டணம் இது. கடற்கரைக்கும் கடைவீதிக்கும் கூப்பிடு தூரம்தான். என் அம்மா செத்துப்போன செய்தி தபாலில் வந்த மறுநாள் நான் அந்தக் கடற்கரையில் உட்கார்ந்திருந்தேன்.

அண்ணன் எழுதியிருந்தான். அம்மாவுக்குக் காரியம் முடிந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் இருந்த பாலை இறக்கி வைத்தேன். டாக்டர் வீட்டுக் குழந்தைக்குத் தலை பின்னினேன். அழுகை வரவில்லை. டாக்டரம்மா மட்டும் அழுதார். சேலத்தில் சின்ன ஆஸ்பத்திரி வைத்திருந்த டேனிஷ் டாக்டரின் மனைவி அவர். பாதிரிமாரிடம் தமிழ் படித்தவர். “நல்லம்மா, இன்று நீர் வேலை செய்யவேண்டாம். எங்களோடு கடலுக்கு வாரும்” என்றார். துக்கத்துக்கு என்ன செய்வதென்று தெரியாதபோது இவர்கள் மனிதரைக் கடற்கரைக்குக் கூட்டிப்போகிறார்கள் போலிருக்கிறது. போனேன்.

நான் அவர்கள் குழந்தையை வளர்க்க வந்தவள். கல்யாணமான இரண்டாம் வருஷமே புருஷனைத் தின்றுவிட்டு வந்தவள் என்று எங்கள் தோட்டத்தில் எனக்குப் பேர். கண் வைத்தியத்துக்கு அம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரம்மாவுக்கு என்னைப் பிடித்துப்போய், எழுத்தும் சொல்லிக்கொடுத்து, வேலையும் கொடுத்தார். அவர்கள் சொந்த நாட்டுக்குத் திரும்பும்போது என்னையும் கூப்பிட்டார்கள். அண்ணன் குதித்தான். நாலு பேர் என்ன பேசுவார்கள் என்றான்.

“நாலு பேரு வந்தா எம்புள்ளைக்குச் சோறு போட்டாங்க? பொறவாசல்லயே கெடந்து சாகோணுமா அவ?” என்றாள் அம்மா.

சேலம் ஸ்டேஷனில் வண்டி கிளம்பும்போது அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாக டாக்டரின் மகள் கிர்ஸ்டன் கையில் ஒரு பிடி கடலைக்காயை வைத்து, “எம்புள்ளையப் பாத்துக்கோ சாமி” என்றாள். அப்போது அந்தக் குழந்தைக்கு நாலு வயது; இப்போது ஆறு. சேலத்தில் பிறந்தவள். என் தமிழைத்தான் முதலில் பேசினாள். இந்தத் தீவில் என்னோடு வாய்விட்டு அப்படிப் பேச அவள் ஒருத்திதான்.

கடற்கரையில் டாக்டரம்மா கொடுத்த ரொட்டித் துண்டைத் தின்னாமல் கையில் வைத்திருந்தேன். பக்கத்தில் குடை விரித்திருந்த ஒரு வயதான அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்து ஏதோ கேட்டாள். ரொட்டி என்ற சொல் காதில் விழுந்தது. ஆமாம் என்று தலையாட்டினேன். உடனே அவள் என் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கி, பையிலிருந்து ஒரு மிட்டாய் எடுத்துக் கொடுத்தாள்.

கிர்ஸ்டன் என் காதருகே வந்தாள். “நல்லக்கா, ரொட்டி இல்லீங்க. நீங்க கல்யாணப் பொண்ணான்னு கேட்டாங்க. வெள்ளைச் சேலை கட்டியிருக்கறீங்கல்ல, அதுக்குத்தானுங்க.”

இவர்கள் மொழியில் ரொட்டிக்கும் மணப்பெண்ணுக்கும் என் காதுக்கு ஒரே சத்தம்தான். மிட்டாயைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோபம் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. ஒன்று மட்டும் உறைத்தது. செய்தி கேட்டு ஒரு பகல் ஓர் இரவு ஆகியும் நான் தலை முழுகவில்லை. அந்த வீட்டில் சனிக்கிழமைதான் குளியல். கேட்கவும் தோன்றவில்லை.

எழுந்து கடலுக்குள் நடந்தேன். வெகுதூரம் வரைக்கும் முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறவே இல்லை. குழந்தைகளுக்கு நல்ல கடல் என்று டாக்டரம்மா சொன்னது இதைத்தான். நடக்க நடக்கச் சிரிப்பும் கூச்சலும் பின்னால் போயின. இடுப்பளவு வந்ததும் மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கினேன். ஐப்பசிக் கிணற்றைவிடச் சில்லென்றிருந்தது. வாயில் பட்ட தண்ணீரில் உப்பு அவ்வளவாக இல்லை. எங்கள் தோட்டத்துக் கிணறு இதைவிடக் கரிக்கும். இரண்டாம் முறை முங்கி எழுவதற்குள் யாரோ என் தோளைப் பிடித்து இழுத்தார்கள்.

கோட்டும் பூட்ஸுமாக ஓர் ஆள். “நை, நை”, வேண்டாம் வேண்டாம் என்று கத்திக்கொண்டே என்னை அணைத்துத் தூக்கினான். நான் சாகப்போகிறேன் என்று நினைத்துவிட்டான். அந்நிய ஆம்பளை கை பட்டால் கூசிப்போகிற உடம்பு என்னுடையது. அன்றைக்கு அதுவும் மரக்கட்டையாக இருந்தது. கரையில் பெண்கள் வாயில் கைவைத்து நின்றார்கள். டாக்டரம்மா பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். அவருக்கு முன்னால் கிர்ஸ்டன், நெஞ்சளவு தண்ணீரில், அந்த ஆளைப் பார்த்து டேனிஷில் கத்திக்கொண்டே வந்தாள். அம்மா என்ற சொல்லும் செத்த என்ற சொல்லும் எனக்குப் புரிந்தன.

அவன் என்னை மெதுவாக இறக்கிவிட்டான். அவனுக்கு மூச்சு வாங்கியது. ஏதோ சொல்லி வலது கையை நீட்டினான். நான் கும்பிட்டேன். நீட்டிய கையை என்ன செய்வதென்று அறியாமல் அவனும் என்னைப்போலவே கும்பிட்டான்.

“இன்னொரு முழுக்கு இருக்குது சாமி” என்று கிர்ஸ்டனிடம் சொன்னேன்.

அவள் அதையும் சொன்னாள். அந்த மனிதன் தலையை அசைத்துவிட்டு, எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கரையில் வேடிக்கை பார்த்தவர்களுக்கும் எனக்கும் நடுவில் இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டான். மறைப்புக் கட்டினாற்போல் இருந்தது. முங்கினேன். உள்ளே சத்தமே இல்லை. அம்மா முகத்தை நினைக்கப் பார்த்தேன். வரவில்லை.

கரைக்கு வந்ததும் டாக்டரம்மா துண்டால் என் தலையைத் துவட்டினார். “நீர் ஊருக்குப் போக ஆசைப்பட்டால் கப்பலுக்கு ஏற்பாடு பண்ணுவோம்” என்றார்.

போனால் அண்ணன் கதவைத் திறப்பான், சோறும் போடுவான். பொறவாசல் அப்படியேதான் இருக்கும். இங்கேயே இருந்துவிட்டால், இந்தக் குழந்தை பள்ளிக்கூடம் போய் நாலு மாதத்தில் என் தமிழை மறக்கும். இரண்டும் தெரிந்தது. இரண்டும் வலிக்கவில்லை.

“நாளைக்குச் சொல்றேனுங்கம்மா” என்றேன்.

இங்கே உச்சிப்பொழுதிலும் சூரியன் தலைக்கு மேல் வருவதில்லை, தெற்கே தாழ்ந்து நிற்கும். நானும் எல்லாரையும்போல அதைப் பார்த்து மணலில் உட்கார்ந்தேன். கிர்ஸ்டன் என் மடியில் தலைவைத்துத் தூங்கிப்போனாள். வெகுநேரம் கழித்துத் தொட்டுப் பார்த்தேன். சேலையின் முன்பக்கம் மொடமொடவென்று காய்ந்திருந்தது. முதுகுப் பக்கம் ஈரமாகவே இருந்தது.