திங்கட்கிழமைகளில் ஒழுகிய கார்

அறுபதுகளின் தொடக்கம். காரங்காட்டுக்குச் சற்றுத் தள்ளி, கடலை ஒட்டிய ஒரு சின்ன ஊரில் மிஷன் மருந்தகத்தில் நர்ஸாக இருந்தேன். டாக்டர் கிடையாது. நான்தான் எல்லாம். எனக்கு இருபத்தாறு வயது. வாய் மட்டும் அறுபது வயதுக்காரி மாதிரி இருக்கும் என்று பங்குச் சாமியாரே சொல்வார்.

மருந்தகத்துக்கு ஒரு பழைய கார் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்து வண்டி. முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுற்றினால்தான் கிளம்பும். பிரசவம் சிக்கலானால் ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்கு இருபது மைலுக்கு மேல் போக வேண்டும். சுற்றுவட்டாரத்துக்கே அந்த ஒரு கார்தான். அதை ஓட்டியவர் முதுகுளத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். காரை ‘அவ, இவ’ என்றுதான் பேசுவார். சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்த் திங்கட்கிழமை காலையில் திரும்பிவிடுவார்.

ஒரு திங்கட்கிழமை காருக்கு அடியில் மணலில் கறுப்பாகச் சொட்டுச் சொட்டாக எண்ணெய் கிடந்தது. வலி எடுத்த ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு போகும்போது, எண்ணெய் வற்றி இன்ஜின் இறுகி நடுவழியில் நின்றுவிட்டால் என்ன ஆகும்? இரண்டு உயிரல்லவா!

டிரைவர் அடியில் படுத்து, எண்ணெய்த் தொட்டியின் திருகை முறுக்கினார். அடுத்த திங்கட்கிழமையும் சொட்டியது. ராமநாதபுரத்திலிருந்து கசிவை அடைக்கும் புது பேக்கிங் வாங்கி வந்து மாற்றினார். அதற்கடுத்த திங்கட்கிழமையும் சொட்டியது. நாள் போகப் போகக் குறைந்து, சனிக்கிழமைக்குள் நின்றுவிடும். திங்கட்கிழமை பார்த்தால் பழைய குருடி கதவைத் திறடி!

“ஞாயித்துக்கெழம நான் ஊருக்குப் போறேன்ல, அதான் இவளுக்குக் கோவம்” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“இன்ஜின்ல கம்பிய விட்டு எண்ணெய் அளவு பாத்தீங்களாண்ணே?”

“பாத்தேம்மா. சொட்டுக்கூடக் குறையல. அதான் எனக்கும் பிடிபட மாட்டேங்குது.”

கீழே ஒழுகுகிறதாம், மேலே குறையவில்லையாம். யார் காதில் பூச்சுற்றுகிறார்? எனக்குத் தெரியாமல் எண்ணெயை ஊற்றி ஊற்றிக் குறையை மறைக்கிறார் என்றே முடிவு கட்டிவிட்டேன். அன்றிலிருந்து அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் எதிரில் மருந்தை எடுத்து வைக்கும்போதுகூடப் பாட்டிலை டொக்கென்று வைப்பேன்.

நான்காவது சனிக்கிழமை அவரே வந்தார். “நர்சம்மா, கொஞ்சம் முகப்பவுடர் குடுங்க” என்றார். மண்ணெண்ணெயால் இன்ஜினையும் அடிப்பக்கத்தையும் பளிச்சென்று துடைத்துக் காயவைத்திருந்தார். அதன்மேல் பவுடர் தூவிவிட்டால், எங்கே ஈரம் படிகிறதோ அங்கேதான் கசிவு என்று கண்டுபிடித்துவிடலாமாம். என் டப்பா முழுவதையும் காலி செய்தார்.

“யாரும் பொண்ணு பாக்க வாராகளா?” என்று காரைத் தட்டிக் கேட்டார். என்னைச் சிரிக்க வைக்கத்தான். நான் உம்மென்று உள்ளே போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, மத்தியானம் உட்கார்ந்து மதுரைத் தலைமை ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதினேன். ‘இந்த டிரைவர் பொறுப்பற்றவர், உண்மையை மறைக்கிறார், வேறு ஆளை அனுப்புங்கள்.’ அவருக்கு மூன்று பெண் குழந்தைகள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் எழுதினேன். திங்கட்கிழமை தபாலில் சேர்க்க வேண்டும் என்று உறையை ஒட்டி வைத்தேன்.

விடிந்தது. அவர் வந்ததும் இன்ஜின் மூடியைத் தூக்கினோம். மேலே போட்ட பவுடர் போட்டபடி வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒரு பொட்டு ஈரமில்லை. அவர் அடியில் நுழைந்தார்.

“நர்சம்மா, கீழ பவுடரே இல்ல. யாரோ வழிச்சுத் தேய்ச்சு எண்ணெய் பூசியிருக்காக!”

வெளியே வந்தவர் கையில், எண்ணெயில் ஊறிய தேங்காய் நார்ச் சிம்பு ஒன்று இருந்தது. வாங்கி முகர்ந்தேன். சுறா எண்ணெய்!

தினமும் காலையில் ஊர்ப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, மூக்கைப் பிடித்து, ஒரு கரண்டி மீன் எண்ணெய் புகட்டுகிறவள் நான். என் கையெல்லாம், சேலையெல்லாம் அதே வாசம். அந்த ஊர்க் காற்றே மீன் வாசம்தான். நாலு வாரமாகக் காருக்கடியில் அடிப்பக்கத்து அழுக்கோடு கலந்து கறுப்பாகச் சொட்டியதைப் பார்த்தேனே தவிர, குனிந்து ஒரு தடவை முகர்ந்து பார்க்கவில்லை.

“மீன் புடிக்கிற வள்ளத்துக்குப் பூசுற எண்ணெயாச்சேம்மா இது? காருக்கு எதுக்கு?” என்றார் டிரைவர்.

மருந்துக்கு நின்றிருந்த வரிசையில் ஒரு பெண் தலையைக் குனிந்தாள். இடுப்பில் எட்டு மாதப் பெண் குழந்தை. அந்தக் குழந்தை பிறந்ததே இந்தக் காரின் பின்சீட்டில்தான். தேவிபட்டினம் தாண்டுவதற்குள் பிறந்துவிட்டது. தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை. டிரைவர் விரட்டிய விரட்டில்தான் ஆஸ்பத்திரி போய் அவள் பிழைத்தாள்.

“எங்க வீட்டு ஆளுதாம்மா...” என்றாள்.

ஆள் அனுப்பினோம். புருஷன்காரன் கரையிலிருந்து ஓடி வந்தான். என்ன தப்பு செய்தோம் என்றே அவனுக்கு விளங்கவில்லை.

“உப்புக் காத்து நர்சம்மா. எண்ணெய் போடாட்டி வள்ளத்துப் பலகையே உளுத்துப் போகும், இரும்பு தாங்குமா? பிள்ள நடக்குற வரைக்கும் இந்தக் கார என் வள்ளமாட்டம் பாத்துக்கிறேன்னு மாதாவுக்கு நேந்திருக்கேன். போன மாசம் சுறா எண்ணெய் காய்ச்சுன நாள்லருந்து, ஞாயித்துக்கெழம நீங்க பூசைக்குப் போகையில பூசிருவேன்.”

“இதை ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாப்பா?”

“நேர்ச்சையத் தம்பட்டம் அடிக்கலாமா?”

டிரைவர் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது. “இத்தன நாளா நர்சம்மா என்னையப் பாத்த பார்வை இருக்கே, ஏலே, உன் எண்ணெய்க்கு நான்ல வெந்தேன்!”

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கடிதத்தை மறைத்திருந்தால் தப்பித்திருக்கலாம். மனசு கேட்கவில்லை. உள்ளே போய் அந்த உறையை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்து, “படிங்கண்ணே” என்றேன்.

நின்றபடியே எழுத்துக்கூட்டிப் படித்தார். சிரிப்பு போய்விட்டது. பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

“இத என்கிட்டயே குடுத்துத்தானம்மா தபால்ல சேக்கச் சொல்லியிருப்பீங்க?”

ஆமாம். தபால் சேர்ப்பதும் அவர் வேலைதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. “என்னை மன்னிச்சிருங்கண்ணே” என்றேன், அத்தனை பேர் முன்னாலும்.

அவர் அந்தக் கடிதத்தைக் கசக்கி, கையில் ஒட்டியிருந்த சுறா எண்ணெயை அழுத்தித் துடைத்தார். “அழாதீங்கம்மா. காகிதம் உதவிருச்சுல்ல” என்றார்.

இனிமேல் பூச வேண்டாம் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். மீனவனின் முகம் வாடியது. டிரைவர் குறுக்கே வந்தார். “நேர்ச்சையில கை வைக்காதீங்க. ஏலே, இன்ஜின் பக்கம் வராத, சைலன்சர் குழாயத் தொடாத, நான் காட்டுற எடத்துல மட்டும் பூசு” என்று அவனையும் இழுத்துக்கொண்டு காருக்கடியில் நுழைந்துவிட்டார். நாலு கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும் கடைசி பஸ் வரும்வரை இரண்டு பேரும் அடியில் கிடந்து பேசிக்கொண்டே பூசுவார்கள். அந்தப் பெண்பிள்ளை முதன்முதலில் நாலடி எடுத்துவைத்த அன்று, அதைக் காரின் மட்கார்டைப் பிடித்து நிற்க வைத்து எல்லோருக்கும் கருப்பட்டி கொடுத்தார்கள். பெரிய துண்டை எனக்குத் தந்தவர் டிரைவர்.

எனக்கு இப்போது வயதாகிவிட்டது, வாய் மட்டும் குறையவில்லை. ஆனால் யார் மேலாவது கோபப்பட்டுப் பேனாவை எடுத்தால் அந்தச் சுறா எண்ணெய் வாசம் எங்கிருந்தோ மூக்கில் ஏறுகிறது. பேனாவை மூடிவைத்துவிட்டு, எழுந்து அந்த ஆளிடமே பேசப் போய்விடுகிறேன்.