மாமாவின் மூக்கில் விழுந்த குத்து

என் மாமாவை ஒரே குத்தில் மல்லாக்கச் சாய்த்த ஆள் இந்த உலகத்தில் ஒருத்திதான். அது நான். அப்போது எனக்கு எட்டு வயது. பொய் என்று நினைத்தால் இலங்கை மலைநாட்டில் எங்கள் நமுனுகுலப் பக்கம் போய், வயதானவர்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள்.

மாமா என்றால் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் பெட்டி தூக்குகிற வேலை. மற்றவர்கள் இரண்டு பேராகத் தூக்குகிற பெட்டியை அவர் ஒருவராகவே தோளில் ஏற்றிக்கொள்வார். வழியில் என்னைக் கண்டால் மிச்சமிருக்கும் கையால் என்னையும் தூக்கிக்கொள்வார். வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்து வீட்டுக்குள் அவர் குனிந்துதான் நுழைய வேண்டும். குனிய மறந்து தலை இடித்துக்கொண்டால், அம்மா பதறிப்போய் ஓடிவந்து நிலைக்கட்டையைத்தான் தடவிப் பார்ப்பாள்.

இந்த உடம்பைக் கண்டு முதலில் நாக்கில் எச்சில் ஊறியவர் ஆபீஸ் கிளாக்கர் ஐயா. பள்ளிக்கூட நாட்களில் அவரும் குத்துச்சண்டை போட்டவராம். தொந்தியைப் பார்த்தால் நம்ப முடியாது. அவர் ஒரு சாக்கில் கழிவுத் தேயிலையை அடைத்து, தொழிற்சாலைக்குப் பின்னால் தொங்கவிட்டார். மாமா ஒரு குத்து விட்டால் போதும், தூசி கிளம்பி வேடிக்கை பார்க்கும் அத்தனை பேருக்கும் தும்மல். "ஒரு வேளைத் தேத்தண்ணிக்குச் சாயம் ஒந் தலையிலேயே இருக்குடி" என்று அம்மா தினமும் என் தலையைத் தட்டுவாள்.

பதுளைப் போட்டிக்குப் பெயர் கொடுக்குமுன் மாமாவின் எடை தெரிய வேண்டியிருந்தது. கொழுந்து நிறுக்கிற தராசின் கொக்கியில் அவர் தொங்கினார். கணக்கப்பிள்ளை நிறுத்துப் பார்த்து, ஹெவிவெயிட்டுக்கு ஐந்து ராத்தல் குறைகிறது என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான்! பத்து நாள் எங்கள் வீட்டு ரொட்டியும் பருப்பும் பக்கத்து வீட்டு ஆட்டுப்பாலும் மாமா வயிற்றுக்குள் போயின. எனக்குக் கிடைத்ததெல்லாம் ரொட்டியின் கருகிய ஓரம். பதினோராவது நாள், கிளாக்கர் ஐயா எங்கள் வீட்டில் இருந்தபோது, கணக்கப்பிள்ளை தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார்.

"ஐயா, பழக்க தோசத்துல சாக்குக்கும் தண்ணிக்கும்னு எட்டு ராத்தல் கழிச்சிட்டேனுங்க."

அம்மா விடுவாளா? "இத்தன நாளா எங்க கொழுந்துல கழிச்சீங்க. இப்ப எந் தம்பி ஒடம்புலயுமா?" என்று பிடித்துக்கொண்டாள். கணக்கப்பிள்ளை போன வேகத்தில் செருப்பு ஒன்று எங்கள் வாசலிலேயே கிடந்தது.

பதுளையில் மாமாவோடு மோத இருந்த முதல் ஆள், அவரைக் கண்ணால் பார்த்ததுமே வயிற்றுவலி என்று விலகிக்கொண்டான். இரண்டாவது ஆள் தைரியசாலி. மேடையேறினான். மாமாவின் இடது கை பட்டது. படுத்துவிட்டான். "ஐயையோ, அண்ணே!" என்று மாமா அவனைத் தூக்கிவிடக் குனிய, அவரை மூலைக்குத் தள்ளப் பார்த்த நடுவர்தான் தள்ளாடினார். லொறி நிறைய வந்திருந்த நாங்கள் போட்ட கூச்சலில் என் தொண்டை இரண்டு நாள் கட்டிப்போனது.

கொழும்பிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் மாமாவின் கையை அமுக்கிப் பார்த்து, இந்த நாட்டிலேயே இப்படி ஒரு ஹெவிவெயிட்டைக் கண்டதில்லை என்றார். கொழும்பில் தேர்வுப் போட்டி இருக்கிறது, அதில் ஜெயித்தால் நாட்டுக்காக வெளிநாட்டில் போய் ஆடலாம் என்று ஒரு படிவத்தைக் கிளாக்கர் ஐயாவிடம் கொடுத்தார். அதன்பிறகு தோட்டத்தில் வேறு பேச்சே இல்லை. மாமாவுக்கு ஒரே ஒரு கவலைதான்.

"பிளேன் வாசல் எம்புட்டு ஒசரம் இருக்கும் ஐயா?"

இத்தனைக்கும் நடுவில் எனக்கென்று ஒரு துக்கம் இருந்தது. எட்டு வயதாகியும் எனக்குக் காது குத்தவில்லை. ஒவ்வொரு சித்திரையிலும் ஏதாவது ஒன்று வந்து தள்ளிப்போனது. லயத்துப் பிள்ளைகள் என்னை 'மூளிக்காதி' என்றுதான் கூப்பிடுவார்கள். நான் அழாத நாளில்லை, யாரும் கவனித்த நாளுமில்லை.

ஒரு சாயங்காலம் மாமா ஆபீசிலிருந்து கோயில் வழியாக எங்கள் வீட்டுக்கு வந்தார். அன்றைக்கு ஞாபகமாகக் குனிந்து வந்தார்.

"அக்கா, புள்ளைக்குக் காது குத்திப்புடுவோம். பூசாரிகிட்ட நாள் குறிச்சிட்டு வந்துட்டேன்."

அம்மா நாளைக் கேட்டாள். கேட்டதும் கையிலிருந்த அகப்பையைக் கீழே போட்டாள். "ஒனக்கென்ன கிறுக்காடா? அன்னைக்குத்தானே கொழும்புல போட்டி?"

"தாய்மாமன் மடியில்லாம எந்த ஊர்லக்கா காது குத்துறாங்க? கொழும்பு எங்க போயிரப் போகுது?"

அம்மா கெஞ்சினாள், திட்டினாள், வேறு நாள் பார்க்கலாம் என்றாள். மாமா அசையவில்லை. மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்கு வந்து நின்ற சனம் முழுக்க இதையே பேசியது. "மருமக காதுக்காகக் கொழும்பையே விட்டுட்டாம்பா!" எனக்குத் தலைகால் புரியவில்லை. மூளிக்காதி என்று கூப்பிட்டவர்களின் முன்னால் வேண்டுமென்றே நாலு தரம் நடந்தேன்.

காதுகுத்து தோட்டத்துக் கோயிலில் நடந்தது. தப்பு முழங்க, மாமாவின் மடியில் மகாராணியாக உட்கார்ந்திருந்தேன். பதுளையிலிருந்து வந்த ஆசாரி இடது காதைப் பிடித்தார். ஊசி ஏறியதுதான் தெரியும். வீரிட்டுக் கத்திக்கொண்டு கையை மடக்கி வீசினேன். அது மாமாவின் மூக்கில் நேராக இறங்கியது.

மாமா அப்படியே மல்லாக்கச் சாய்ந்தார். மூக்கில் ரத்தம். அப்புறம் கிளாக்கர் ஐயா குனிந்து, "ஒண்ணு… ரெண்டு…" என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். மூன்றிலிருந்து கோயிலே சேர்ந்து எண்ணியது. பத்து வந்தும் மாமா எழுந்திருக்கவில்லை. யாரோ என் கையைப் பிடித்து உயரத் தூக்கினார்கள். அந்தக் கொண்டாட்டத்தில் ஆசாரி வலது காதையும் குத்தி முடித்துவிட்டார். எனக்கு வலித்ததாக நினைவே இல்லை.

மாமா எழுந்து உட்கார்ந்தபோது கண்களிலிருந்து தண்ணீர் கொட்டியது. "மூக்குல பட்டா கண்ணு கலங்கும்" என்றார்கள். ரத்தம் நின்றது. சர்க்கரைப் பொங்கல் கொடுத்து முடிந்தது. கண்ணீர் மட்டும் நிற்கவில்லை. சற்று முன் சிரித்துச் சிரித்து எண்ணிய கிளாக்கர் ஐயா, அவர் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை வைத்திருந்தார்.

நான் பெரியவளாகி என் பிரஜாவுரிமைப் பத்திரம் கைக்கு வந்தபோது, அதைக் காட்ட வயதான கிளாக்கர் ஐயாவின் வீட்டுக்குப் போனேன். அவர் அதிலிருந்த இலக்கத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"அந்தக் கொழும்புப் பேப்பர்லயும் இந்த இலக்கத்தக் கேட்டிருந்தாங்க. உங்க மாமாவுக்கு ஏது? இங்கயே பொறந்தாலும் தோட்டத்துச் சனத்துக்குப் பிரஜாவுரிமை குடுக்காத காலம். நமக்கெல்லாம் அப்ப நாடு ஏதும்மா? அந்த எடத்த வெறுமையா விட்டு அனுப்பினோம். வேணாம்னு திருப்பிட்டாங்க. அத வாசிச்சுச் சொன்ன சாயங்காலந்தான் அவனுக்கு ஒங் காது ஞாபகம் வந்துச்சு."

கோயிலில் அன்று எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? மாமாவின் மடியில் மறுபடி ஏறிக்கொண்டு, முந்தானையால் அவர் கண்ணைத் துடைத்துவிடுமாறு அம்மாவிடம் சொன்னேன். பிறகு அவர் முகத்தைப் பிடித்து என் பக்கம் திருப்பினேன்.

"ரொம்ப வலிக்குதா மாமா?"

"ஆமாடி மருமகளே. பலமான குத்து."

நான் என் கையை மடக்கி, பெருமையோடு பார்த்துக்கொண்டேன்.