அட்டை போட்ட சிலேட்டு

புத்தகம் என்றால் காகிதம்தான் என்று வெகுகாலம் அடம் பிடித்தவள் நான். எங்கள் குவார்ட்டர்ஸ் வீட்டில் இரண்டே அறை. அதில் ஒரு இரும்பு பீரோ முழுக்கப் புத்தகங்கள். புடவைகள் எல்லாம் கொடியில் தொங்கும். "புடவை வெளியில காயுது, புத்தகத்துக்குப் பூட்டு" என்று என் வீட்டுக்காரர் நக்கலடிப்பார். அவர் சொல்லி நான் எதைக் கேட்டிருக்கிறேன், இதைக் கேட்க? இ-ரீடர் என்று ஒன்று வந்திருக்கிறது, ஆயிரம் புத்தகம் அதற்குள் அடங்கிவிடும் என்று யாராவது சொன்னால், "அதை முகர்ந்து பார்த்தால் என்ன வாசனை வரும்?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவேன். அப்படிப்பட்ட என்னிடம் இன்று ஒரு இ-ரீடர் இருக்கிறது. அதற்குக் காரணம் ஓர் அக்கா.

ஆவடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் நாங்கள் சீருடை தைத்தோம். பெயர் வேண்டாம்; காவல் அதிகமுள்ள இடம் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன். நான் திருச்சியிலிருந்து கல்யாணமாகி வந்தவள். அக்கா சென்னீர்குப்பத்திலேயே பிறந்து வளர்ந்தவர். அவருடைய அப்பாவும் அம்மாவும் கூலிக்கு நாற்று நட்ட வயல்களில் இப்போது குடோன்கள் நிற்கின்றன. அதற்காக அவர் ஒரு நாளும் பெருமூச்சு விட்டதில்லை. "நட்டவங்களக் கேளு, இடுப்பு வலியப் பத்திதான் சொல்லுவாங்க" என்பார். பத்தாவது வரைதான் படிப்பு. ஆனால் வாய்விட்டுப் படிக்கிறதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பேச்சில் கொட்டுகிற மெட்ராஸ் பாஷை புத்தகத்தைத் திறந்ததும் எங்கே போய் ஒளியுமோ தெரியாது. கதையில் வருகிற கிழவருக்கு ஒரு குரல், கோபக்காரிக்கு ஒரு குரல் என்று மாறிக்கொண்டே போகும்.

மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். கட்டிங் ஹாலுக்குப் பின்னால் தரையில் அக்காவைச் சுற்றி உட்காருவோம், என்னையும் சேர்த்து எட்டுப் பேர். அக்கா லைப்ரரியிலிருந்து எடுத்து வந்த நாவலைப் படிப்பார், நாங்கள் சாப்பிட்டுக்கொண்டே கேட்போம். படிக்கிறவர் சாப்பிட முடியாதே. அதனால் கேட்கிறவள் ஒவ்வொருத்தியும் தன் டப்பாவிலிருந்து ஒரு வாய் எடுத்து அக்காவின் டிபன் மூடியில் வைக்க வேண்டும். யார் போட்ட சட்டம் என்று தெரியாது, ஆனால் யாரும் மீறியதில்லை. சைரன் ஊதுவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் புத்தகத்தை மூடிவிட்டு அந்த எட்டு வாயையும் அவசரமாக விழுங்குவார். எலுமிச்சைச் சாதம், கருவாட்டுத் துண்டு, இட்லி எல்லாம் ஒன்றாகக் கலந்துபோயிருக்கும். "சோறு கலந்தா கதையும் கலந்துடும்டி" என்று சிரிப்பார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அக்கா எந்தப் புத்தகத்தையும் அட்டை போடாமல் தொடமாட்டார். லைப்ரரிப் புத்தகமாக இருந்தாலும் சரி, நான் பீரோவிலிருந்து கொடுத்ததாக இருந்தாலும் சரி, பழைய மாதக் காலண்டர் தாளை வெள்ளைப் பக்கம் வெளியே தெரிகிற மாதிரி மடித்து அளவெடுத்துப் போட்டுவிடுவார். தையல்காரி போட்ட அட்டை, ஒரு சுருக்கம் இருக்காது.

அக்காவுக்குச் சர்க்கரை உண்டு. அது கண்ணில் இறங்கியது. முதலில் கண்டுபிடித்தவள் நான்தான். ஒரு வரியை விட்டுவிட்டு அடுத்த வரிக்குத் தாவினார். கதையில் செத்துப்போனவர் காபி கேட்டார். மற்றவர்கள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். நான் மட்டும் எட்டிப் புத்தகத்தைப் பார்த்தேன். அப்புறம் ஆஸ்பத்திரி, கண்ணில் ஊசி, தையலிலிருந்து மடிப்பு மேசைக்கு மாற்றம். நடக்கலாம், சமைக்கலாம், துணி மடிக்கலாம். அச்சு எழுத்துதான் எறும்பாக ஊர்கிறது என்றார். ஒரு நாள் பாதிப் பக்கத்தில் நிறுத்தி, புத்தகத்தை என் மடியில் வைத்தார். "இனிமே நீ படி."

நான் படித்தேன். வருகைப் பதிவேட்டை வாசிப்பது போலிருந்தது என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். மூன்றாம் நாள் பாதிப் பேர் சீரியல் கதை பேச ஆரம்பித்துவிட்டார்கள். அக்கா தன் டப்பாவைத் திறந்து தன் சோற்றைத் தானே தின்றார். மூடியில் யாரும் எதுவும் வைக்கவில்லை. அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. கை கழுவப் போன இடத்தில், "சோறு இல்லாம கூட இருந்துகினு போவேன்டி, இது இல்லாம எப்டி இருக்கிறதுன்னு தெர்ல" என்று சொல்லிவிட்டு முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டார். பணி ஓய்வுக்கு அவருக்கு ஒரு வருடம்கூட இல்லை.

அப்போதுதான் வானகரத்தில் இருக்கிற அவருடைய மகள், தான் உபயோகித்த பழைய இ-ரீடரை ஒரு நாள் வேலை முடிகிற நேரத்துக்குப் பஸ் நிறுத்தத்துக்கே கொண்டுவந்து அம்மாவுக்குக் கொடுத்தாள். அங்கேயே உட்கார்ந்து அக்கா என்னிடம் காட்டினார். கறுப்பு விளிம்பு, சாம்பல் நிற முகம், சிலேட்டு மாதிரி இருந்தது. எழுத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, ஒரு பக்கத்தில் ஏழெட்டு வார்த்தைதான் நிற்கிற அளவுக்குக் கொண்டு வந்திருந்தார். தட்டுவார், படிப்பார், தட்டுவார். சாயங்கால வெயில் நேராக அடித்தும் அது கூசவில்லை. "எயுத்து ஒயுங்கா நின்னுகினு கீது பாரேன்!" என்றார். குழந்தைக்குக் கிடைத்த சந்தோஷம் அந்த முகத்தில்.

நானும் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். என் வாய் சும்மா இருக்காதே. "இதெல்லாம் ஒரு புத்தகமாக்கா? ஒரு அட்டை போட முடியுமா இதுக்கு?" என்றேன்.

அக்கா அதைப் பைக்குள் வைத்துக்கொண்டார். வீட்டுக்குப் போய் அட்டை போட்டுவிட்டார்.

மறுநாள் காலை கேட்டில் பெண்கள் வரிசையில் பையைச் சோதிக்கிற செக்யூரிட்டிப் பெண், டிபன் டப்பாவுக்கு அடியிலிருந்து அதை எடுத்தாள். காலண்டர் தாளை நீக்கினாள். உள்ளே போன் கூடாது, கேமரா கூடாது, எந்த மின்சாதனமும் கூடாது. இருந்தால் கேட்டிலேயே கொடுத்து டோக்கன் வாங்க வேண்டும். இது எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம்.

"இன்னாக்கா இது, தாள்ல சுத்தி மறைச்சி எடுத்துகினு வந்துகீறே?"

"மறைக்கல கண்ணு. அது பொஸ்தகம். பேச முடியாது, போட்டோ புடிக்க முடியாது. பொஸ்தகத்துக்கு அட்ட போடுவாங்க இல்ல?"

அந்தப் பெண்ணுக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பின்னால் அவளுடைய மேலதிகாரி நின்றுகொண்டிருந்தார். கொண்டுவந்ததைவிட மறைத்ததுதான் பெரிய குற்றம். அன்று மத்தியானமே மெமோ வந்துவிட்டது: மூன்று நாளுக்குள் விளக்கம். இத்தனை வருட சர்வீஸில் அக்கா வாங்கிய முதல் மெமோ. வாங்கிக் கொடுத்தது என் நாக்கு.

கண் தெரியாததால் விளக்கத்தை அவர் சொல்ல நான் எழுதினேன். இரண்டு வரி ஆனதும், "சக ஊழியர் கேலி செய்ததால்னு சேர்க்கிறேன்க்கா, என் பேரையும் போடுறேன்" என்றேன். உண்மையிலேயே போடத்தான் நினைத்தேன்.

"உன் பேர இன்னாத்துக்கு இழுக்கிற? அட்ட போட்ட கை என்து. எயுது."

எழுதினேன். "அது நான் படிக்கும் புத்தகம். புத்தகத்துக்கு அட்டை போடுவது என் பழக்கம். விதியை மறந்தது என் தவறு. இனி கேட்டில் ஒப்படைக்கிறேன்." கெஞ்சல் இல்லை, கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானாக இருந்தால் ஆஸ்பத்திரிச் சீட்டை எல்லாம் இணைத்து அழுது தீர்த்திருப்பேன். எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள்.

ஆனால் கேட்டில் ஒப்படைத்துவிட்டு உள்ளே எதை வைத்துப் படிப்பது? கதை வெளியே, கேட்கிறவர்கள் உள்ளே. ஒரு வாரம் பஸ்ஸில் படித்ததை மத்தியானம் வாயால் சொல்லிப் பார்த்தார். அவருக்கே பிடிக்கவில்லை. "இது வம்பு பேசுற மாதிரி கீது" என்று நிறுத்திவிட்டார். நான் எத்தனையோ யோசனை சொன்னேன், அத்தனையும் உதவாக்கரை. வழியை அவரே கண்டுபிடித்தார். ஒரு வெள்ளிக்கிழமை எல்லோரையும் பார்த்துச் சொன்னார்: "திங்கக்கெயம காலீல ஏயே காலுக்கு கேட்டு எதுர நிழற்குடையாண்ட நான் இருப்பேன். வர்றவ வா."

எங்களுக்கு வேலை எட்டு மணிக்கு. ஏழு ஐம்பத்தைந்துக்கு மூச்சிரைக்க ஓடி வருகிற கூட்டம் நாங்கள். பிள்ளைக்கு ஜடை பின்னி, மாமியாருக்குக் காபி கொடுத்து, அம்பத்தூரிலிருந்து ரயில் பிடித்து வருகிறவள் ஏழே காலுக்கு எப்படி வருவாள்? முதல் திங்கட்கிழமை நானும் இன்னொருத்தியும்தான். அந்த வாரக் கடைசியில் ஐந்து பேர். மாதம் முடிவதற்குள் எட்டுப் பேரும் வந்துவிட்டோம். சமையல் எப்போது முடிந்தது, யார் எத்தனை மணிக்கு எழுந்தார்கள் என்று நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. லாரிகள் உறுமிக்கொண்டு போகிற ரோட்டோரம், அந்தச் சிமெண்டுத் திண்டில் உட்கார்ந்து அக்கா படித்தார். தட்டுவார், படிப்பார். ஏழெட்டு வார்த்தைக்கு ஒருமுறை தட்டியும் குரல் ஓரிடத்தில் தடுக்கவில்லை. பக்கம் மாறுகிற இடம் கேட்கிறவர்களுக்குத் தெரியக்கூடாது என்று வீட்டில் ஒத்திகை பார்ப்பாராம். நாங்கள் காலையிலேயே டப்பாவைத் திறந்து மூடியில் ஒரு வாய் வைத்தோம். ஏழு ஐம்பதுக்கு அவர் அந்தச் சிலேட்டை கேட்டில் கொடுத்து டோக்கனை ரவிக்கைக்குள் செருகிக்கொள்வார். அதைப் பிடித்துக் கொடுத்த அதே செக்யூரிட்டிப் பெண் ஒரு நாள் ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்தினாள்: "சத்தமா படிக்கா, லாரி போனா ஒண்ணும் கேக்கல!"

அந்த மாதங்களில்தான் நான் ஓர் இ-ரீடர் வாங்கினேன். அதற்கு வாசனை இல்லை என்பது இன்றும் உண்மை. ஆனால் ஒரு மனுஷியை அவளுக்கே திருப்பிக் கொடுத்த பொருளைப் பற்றி வாசனை அது இது என்று பேச எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அட்டை மட்டும் போடவில்லை.

அக்காவின் கடைசி வேலை நாள் வந்தது. காலையிலேயே மாலை, சால்வை, போட்டோ என்று ஆளாளுக்கு இழுத்ததில் படிப்பு ஐந்து நிமிடத்தோடு நின்றுபோனது. கதையோ முடிகிற தறுவாயில். பல வருடம் முன்பு சண்டை போட்டுக்கொண்டு போனவள், அண்ணன் வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள். கதவைத் தட்டக் கையைத் தூக்குகிறாள். அதோடு சரி. சாயங்காலம் அக்காவை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு எல்லோரும் அழுதார்கள். எனக்கு அழுகையோடு கோபமும் வந்தது. அந்தக் கதையை நானே தேடிப் படித்துக்கொள்ளலாம், கருவி இருக்கிறது. படிக்கத் தோன்றவில்லை.

மறுநாள் பழக்க தோஷத்தில் ஏழே காலுக்குப் போய் இறங்கினேன். நிழற்குடையில் அக்கா உட்கார்ந்திருந்தார். சாதாரண நூல் புடவை, மடியில் சிலேட்டு. கையில் டிபன் பை இல்லை. வேலையே இல்லாதவர் அதே பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தார்.

"வந்துட்டியா? ஒக்காரு. பாவம், கதவாண்ட நேத்துலேர்ந்து நின்னுகினு கீறா."

ஒவ்வொருத்தியாக வந்தார்கள். அக்கா படித்தார். கதவு திறந்தது. ஏழு ஐம்பதுக்கு நாங்கள் எழுந்தோம், அவர் எழவில்லை. அவருக்கு உள்ளே போக வேலை இல்லை, டோக்கன் வாங்க அவசியம் இல்லை. ஒரு வாய் வைக்கலாம் என்றால் மூடி இல்லை. என் டப்பா மூடியைக் கழற்றி அவர் மடியில் வைத்தேன். எட்டுப் பேரும் அதில் வைத்தோம். சைரன் ஊதிவிட்டது. மூடியில்லாத டப்பாவைத் தூக்கிக்கொண்டு நான் ரோட்டைக் கடந்து ஓடினேன்.

வாய் நிறையச் சோற்றோடு பின்னாலிருந்து கத்தினார்: "மூடிய நாளிக்கு எடுத்தாரேன்டி! வேற கதை ஆரம்பிக்கணும்!"