ஏழு என்று கேட்ட அழுகை

தாய் உத்தியோகத்தில் வேலை பழகும் காலமெல்லாம் கிடையாது. சேர்ந்த அன்றே பிள்ளையைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள்! முதல் பிள்ளை பெற்றுவிட்டுப் பயந்து நிற்கும் தோழிகளே, என் மகன் விழிப்பதற்குள் சொல்லிவிடுகிறேன், கேளுங்கள்.

பல் தந்தியடித்தது

"பெண் பிள்ளைகள் சத்தம் போட்டு அழக்கூடாது" என்பது எங்கள் கான்வென்ட் மதரின் சட்டம். பிரசவ வலியிலும் துணியைக் கவ்விக்கொண்டு மூச்சு விடவில்லை நான். பிள்ளை பிறந்ததும் பார்க்க வேண்டுமே! கால் கையெல்லாம் வெடவெடவென்று ஆட, பல் தந்தியடித்தது. காய்ச்சலில்லை, குளிரில்லை. ஜன்னிதான், செத்தேன் என்று நினைத்தேன். நர்சம்மா கம்பளியைப் போர்த்திவிட்டுச் சிரித்தார்.

"நெறையப் பேருக்கு இப்படித்தான் ஆகும். நீ கத்தல, உன் ஒடம்பு கத்துது!"

பருந்தும் கோழியும்

ஓசூர் வீட்டுக்கு வந்தும் கை நடுக்கம் போகவில்லை. நடுங்குகிறதே என்று பயம். பயந்ததும் இன்னும் நடுக்கம். போட்டுவிடுவேனோ என்று பிள்ளையைத் தூக்கவே மாட்டேன். யாராவது மடியில் வைத்தால்தான் பால்.

ஒரு மத்தியானம் வாசலில் எங்கள் கோழிமேல் பருந்து பாய்ந்தது. கோழி வண்டிக்கு அடியில் ஓடித் தப்பியது. பருந்து போனதும் வெளியே வந்து இறகெல்லாம் சிலிர்த்து, உடம்பை ஒரு உதறு உதறிவிட்டுக் குப்பையைக் கிளறப் போய்விட்டது! "என்னங்க, அதுவும் என்னை மாதிரியே நடுங்குது!" என்று கத்தினேன். இவர் அசையாமல் சொன்னார்:

"அது நடுங்கி முடிச்சிட்டு மேயப் போயிடுச்சு. நீ அடக்கி அடக்கி வெச்சுக்கற. கோழி கான்வென்ட்ல படிக்கல பாரு!"

ஏடு

பிள்ளையைக் குளிப்பாட்ட வருபவர் பக்கத்து வீட்டு லட்சுமக்கா, தெலுங்குக்காரர். ஒரு நாள் அவர் துண்டெடுக்கப் போன நேரம், அடுப்பிலிருந்த வெந்நீர்ப் பானை பாய் பக்கமாகச் சாய்ந்தது. பாயில் என் பிள்ளை! எப்படிப் பாய்ந்தேனோ தெரியாது, பிள்ளை என் தோளில் இருந்தான். ஒரு சொட்டு அவன்மேல் படவில்லை. எனக்குத்தான் வாய் கட்டிப்போயிற்று. ஓடிவந்த லட்சுமக்கா என் முதுகைத் தேய்த்து, "ஏடும்மா, ஏடு!" என்றார்.

எனக்குத் தெரிந்த தெலுங்கு, சந்தையில் காய் வாங்கக் கற்ற எண்கள் மட்டும். ஏடு என்றால் ஏழு. "ஏழு இல்லக்கா... எனக்கு ஒண்ணுதானே!" என்றேன்.

அவர் விழித்தார், பிறகு வெடித்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. அப்பப்பா, என்ன அழுகை! தோள் குலுங்கக் குலுங்க, தெருவே கேட்க! இந்தத் தடவை அடக்கவில்லை. கடைசியில் ஒரு பெருமூச்சு, ஒரு கொட்டாவி. குனிந்து பார்த்தால் கை நடுங்கவில்லை. அந்தக் கையிலேயே பிள்ளை தூங்குகிறான்!

லட்சுமக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்: "அழுன்னு சொன்னா எண்ணிக்கிட்டு நிக்கறியே தாயி! எங்க பாஷையில ரெண்டுக்கும் ஏடுதான்!"

தமிழும் இங்கிலீஷும் பிழையில்லாமல் படித்த எனக்கு, அழுவதற்கு மட்டும் தெலுங்கு தேவைப்பட்டது.