தட்டில் வந்த தோல் துண்டு

பிள்ளைகளா, ஆம்பூர் வாசகசாலையில் உங்கப்பன் கலாட்டா பண்ணினான் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். இன்னும் சொல்வார்கள். நடந்ததை நானே எழுதி வைக்கிறேன். என் படிப்பு மிஷன் பள்ளியில் நாலாம் வகுப்போடு சரி. எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இல்லை.

வாசகசாலையில் மாதம் ஒரு தடவை படித்த பெரிய ஆள் ஒருவரைக் கூட்டிவந்து பேச வைப்பார்கள். நட்சத்திரத்தைப் பற்றி ஒருவர், கோயில் சிற்பத்தைப் பற்றி ஒருவர், அம்மை நோய் எப்படிப் பரவுகிறது என்று ஒரு டாக்டர். பேசி முடித்ததும் கேள்வி கேட்கலாம். நான் ஒரு பேச்சையும் விடமாட்டேன். தோலைத் தொடுகிற ஆட்களுக்கு மட்டும் உள்ளே நாற்காலி கிடையாது, நாற்றமாம். சன்னலுக்கு வெளியே நிற்போம். கேட்பதற்குக் காது போதுமே என்று நானும் நின்றேன். கிரகணம் எப்படிப் பிடிக்கிறது என்று எலுமிச்சம்பழத்தை வைத்து உங்களுக்குக் காட்டினேனே, அது அந்தச் சன்னலில் படித்ததுதான்.

அந்த மாதம் வந்தவர் பட்டணத்துச் சரித்திர ஆசிரியர். புத்தகமெல்லாம் எழுதியவர். வேலூர்க் கோட்டையில் அந்தக் காலத்துச் சிப்பாய்கள் வெள்ளைக்காரக் கும்பினிக்கு எதிராக எழுந்ததைப் பற்றிப் பேசினார். நன்றாகவே பேசினார், பொய் சொல்லக் கூடாது. புதுத் தலைப்பாகையில் தோல் வைத்துக் கொடுத்தார்கள், மாட்டுத்தோல் என்றும் பன்றித்தோல் என்றும் பேச்சுக் கிளம்பிற்று, அதுவும் சேர்ந்துதான் நெருப்பு மூண்டது என்றார். பிறகு ஒரு சின்னப் பெட்டியைத் திறந்தார்.

"அந்தத் தலைப்பாகைத் தோலில் ஒரு துண்டு இது. பன்றித்தோல். எல்லோரும் பார்க்கலாம்."

ஒருவரும் கை நீட்டவில்லை. அவரே அதைக் குச்சியால்தான் சுட்டிக் காட்டினார். வாசகசாலைக் காரியதரிசி சுற்றிலும் பார்த்துவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பினார்.

"ஏம்பா, நீ உள்ள வா. இதத் தட்டுல வெச்சு எல்லாருக்கும் காட்டு."

அந்தக் கூடத்துக்குள் நான் கால் வைத்தது அன்றைக்குத்தான்.

தட்டோடு வரிசை வரிசையாகப் போனேன். ஒருவர் மேல்துண்டால் மூக்கை மூடிக்கொண்டு எட்டிப் பார்த்தார். நூறு வருஷத்துக்கு மேல் காய்ந்த தோலில் என்ன நாற்றம் இருக்கும்? எங்கள் தோல் மண்டியின் கணக்கர் பாய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

"தோஸ்த், என் மேல படாம போ. ரெண்டாம் தடவ குளிக்க வீட்ல தண்ணி கம்மி" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

நானும் சிரித்துக்கொண்டே தட்டிலிருந்த தோல் துண்டை விரலால் புரட்டினேன். அதோடு எனக்குச் சிரிப்பு போய்விட்டது. அது ஆடு.

மயிர் முளைத்த துளை தோலை விட்டுப் போகாது. பன்றிக்கு அது மூன்று மூன்றாக இருக்கும், அடுப்புக்குக் கல் கூட்டினது போல. துளை மறுபக்கம் வரைக்கும் இறங்கியிருக்கும். ஆட்டுக்கு வரிசையாக வளைந்து ஓடும். நாள் முழுக்க ஆட்டுத்தோலைத் தரம் பிரித்துப் போடுகிறவனுக்கு இது கண்ணை மூடினாலும் தெரியும்.

"அய்யா, இது வெள்ளாட்டுத் தோலுங்க" என்றேன்.

"என்னப்பா?"

"பன்னி இல்லீங்க. மறுபக்கம் திருப்பிப் பாருங்க, தொளையே இல்ல."

சரித்திர ஆசிரியர் தட்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "உங்கள் மண்டிக்குப் பன்றித்தோல் வருமோ?"

"வராதுங்க. மொதலாளி சாயபு."

"பிறகு எங்கே கண்டாய்? கனவிலா?"

கூடமே சிரித்தது. "வேலூர்ல தொரமாருக்குச் சேணம் தெக்கிற கடையில ரெண்டு வருசம் இருந்தேங்க. சேணத்துல உக்கார்ற எடம் பன்னித்தோலுதான். அய்யா ஒரு தடவ தொட்டுப் பாத்தீங்கன்னா..."

"இது ஆடு என்றால் சிப்பாய்கள் எழுந்ததும் பொய்யா?"

"அது எனக்குத் தெரியாதுங்க. தோல் மட்டும்தான் தெரியும்."

"தட்ட வெச்சுட்டுப் போப்பா" என்றார் காரியதரிசி. நான் பாயைப் பார்த்தேன். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்ததும் வாசலில் அவரை மடக்கினேன்.

"பாய், அது இன்னா தோலு?"

"ஆடுதான். தட்டு கிட்ட வந்தப்பவே தெரிஞ்சுபோச்சு."

"அப்ப ஏன் வாயத் தெறக்கல?"

"எனக்கு நாற்காலி குடுத்திருக்காங்கப்பா. உனக்கு இன்னா, சன்னல்தானே."

தப்பு யாருக்கும் வரும். செம்மறியை வெள்ளாட்டோடு போட்டு நானே வசை வாங்கியிருக்கிறேன். ஆனால் திருப்பிக் காட்டினால் திருத்திக்கொள்வேன். அவ்வளவு படித்த மனுஷர் ஒரு துண்டுத் தோலைத் திருப்பிப் பார்க்க மாட்டேன் என்றதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அதையும் விழுங்கியிருப்பேன். இரண்டு மாதம் கழித்து அவருடைய பேச்சு ஒரு மாத இதழில் அச்சாகி வாசகசாலைக்கு வந்தது. சன்னல் வழியாக வாங்கிப் படித்தேன். கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: ஆம்பூர்த் தோல் தொழிலாளி ஒருவரும் இதைக் கையில் எடுத்துப் பார்த்து, பன்றித்தோலே என்று உறுதி கூறினார்.

மூன்று தடவை படித்தேன். காரியதரிசியிடம் நீட்டினேன்.

"உன் பேரா போட்டிருக்கு? ஊர் பூரா தோல் தொழிலாளிதான். விடுப்பா."

"அன்னிக்கு உள்ள வந்தவன் நான் ஒருத்தன்தானே?"

அப்போதுதான் கத்தினேன். அதுதான் அந்தக் கலாட்டா. தொடுவதற்கு ஆள் வேண்டும் என்றால் நான் வேண்டும். தொட்டுத் தெரிந்ததைச் சொன்னால் நான் வேண்டாம். சொல்லாததைச் சொன்னதாக எழுதிக்கொள்ள மறுபடியும் நான் வேண்டும். இது என்ன நியாயம்? இனிச் சன்னல் பக்கமும் வராதே என்றார்கள். இதழுக்குக் கடிதம் போட்டேன், பதில் இல்லை. நாளைக்கு நீங்களே அந்த வரியைப் படித்துவிட்டு, அப்பாதான் அப்படிச் சொன்னார் போல என்று நினைத்துக்கொள்வீர்களே, அந்த நினைப்புதான் என்னைத் தூங்கவிடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், வாசகசாலைக்குள் போனேன். இதழைத் தேடி எடுத்து மேசையில் விரித்தேன். வெள்ளாட்டுத் தோலில் விரல் அகலத்துக்கு நறுக்கி வைத்திருந்த துண்டைப் பசை தடவி, மயிர்த்துளை மேலே தெரியும்படி அந்த ஒரு வரியின் மேல் ஒட்டினேன். காய்கிற வரைக்கும் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு நின்றேன்.